நடுவில் ஓடிய பேருந்து

2021 மே மாதக் கடைசியில், ஒரு வார இடைவெளிக்குள், இருவர் மறைந்தனர். 21ஆம் நாள் தில்லி ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் தினேஷ் மோகன். 27ஆம் நாள் பிரேசிலின் குரிடிபா நகரத்தில் மூன்று முறை மேயராக இருந்த கட்டடக் கலைஞர் ஜைமி லெர்னர். சாலையின் நடுப்பகுதியைப் பேருந்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இருவருமே வாதாடியவர்கள். லெர்னர் அதைச் செய்துகாட்டினார். மோகனும் அவருடைய சகாவான கீதம் திவாரியும் வரைந்து கொடுத்த தடமோ அவர்கள் கண்ணெதிரிலேயே பெயர்த்தெறியப்பட்டது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

லெர்னர் 1971இல் மேயரானபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. தேர்தலில் வென்று வந்தவர் அல்லர். இராணுவ ஆட்சிக்காலத்தில் நியமிக்கப்பட்டவர். இதை மறைத்துவிட்டுக் குரிடிபாவைப் புகழ்வோர் பலருண்டு. மறுவருடம் மே மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நகரின் பெரிய கடைத்தெருவான 'நவம்பர் 15 தெரு'வில் தொழிலாளர்கள் இறங்கினர். வணிகர்கள் தடையாணை வாங்கிவிடக் கூடாதென்று, நீதிமன்றங்கள் மூடிய பிறகு தொடங்கப்பட்ட வேலை அது. எழுபத்திரண்டு மணி நேரத்தில் தார்ச்சாலை போய்க் கல் பாவிய நடைவீதியும் பூத்தொட்டிகளும் வந்தன. காரோட்டிகள் திரண்டு வந்து தெருவை மீட்கப்போவதாகச் செய்தி கசிந்ததும், நகராட்சி ஆட்கள் தெரு நெடுகிலும் காகிதச் சுருளை விரித்துக் குழந்தைகளைப் படம் வரைய உட்கார்த்தி வைத்தனர். கார்கள் திரும்பிப் போயின.

கதை சுவையானது. ஆனால் குரிடிபாவின் உண்மையான சாதனை இத்தனை நாடகத்தன்மை உடையதன்று. 1974இல் முதல் பேருந்துத் தடங்கள் திறக்கப்பட்டபோது புதிதாக அகன்ற சாலை எதையும் அவர்கள் வெட்டவில்லை. பெரும்பாலும் இருந்த தெருக்களையே மூன்று மூன்றாகச் சேர்த்தனர். நடுத்தெருவின் மையத்தில் போகவும் வரவும் பேருந்துக்கு மட்டுமான இரண்டு தடங்கள். அவற்றின் இருபுறமும் அக்கம்பக்க வண்டிகள் மெல்லச் செல்வதற்கான வழிகள். விரைந்து போக விரும்பும் கார்களுக்கு ஒரு வரிசைக் கட்டடங்கள் தள்ளி அப்பால் ஒரு தெரு போவதற்கு, இப்பால் ஒரு தெரு வருவதற்கு. காரை அவர்கள் விரட்டவில்லை. வேறு தெருவைக் காட்டினார்கள்.

அதோடு, உயரமான கட்டடங்களை இந்த அச்சுகளின் ஓரத்தில்தான் எழுப்பலாம் என்று விதி செய்தனர். ஆகவே ஆயிரக்கணக்கானோர் பேருந்துக்கு நடந்துபோகும் தூரத்திலேயே குடியிருக்க நேர்ந்தது. நிறுத்தத்தைத் தேடி மக்கள் வந்தார்கள் என்பதைவிட, மக்கள் இருக்குமிடத்தை நிறுத்தம் தீர்மானித்தது என்பதே பொருந்தும். 1991இல் கண்ணாடிக் குழாய் வடிவ நிலையங்கள் வந்தன: பயணச்சீட்டு உள்ளே நுழையும்போதே, மேடை பேருந்தின் தரைமட்டத்தில், கதவு திறந்ததும் ஒரு பலகை இறங்கிப் பாலமாகும். படியேறவும் சில்லறைக்கும் செலவாகும் விநாடிகளே பேருந்தின் வேகத்தைத் தின்கின்றன என்பதைக் கண்டுகொண்டவர்கள் அவர்கள். மறுவருடம் 270 பேரை ஏற்றும் மூன்று கூறுப் பேருந்துகளும் வந்துசேர்ந்தன.

சர்வாதிகாரியின் நியமனத்தால்தான் இது முடிந்தது என்று சொல்லிவிட இயலாது. கொலம்பியாவின் போகோட்டாவில், தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரான என்ரிக்கே பெஞலோசா 2000 டிசம்பரில் 'டிரான்ஸ்மிலேனியோ'வைத் தொடங்கிக் காட்டினார்.

இனி தில்லி. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர். 2008 ஏப்ரலில் சோதனை ஓட்டம் தொடங்கியது. அம்பேத்கர் நகர் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட பகுதி. தடம் சென்றதோ தென்தில்லியின் வசதியான குடியிருப்புகளை ஒட்டி. வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறவர்களின் வழி அது. நடுவில் பேருந்து, அடுத்து மற்ற வண்டிகள், ஓரத்தில் மிதிவண்டிக்கும் நடப்போருக்கும் தனித்தனிப் பாதைகள் என்று வடிவமைத்திருந்தனர். நடைபாதை வியாபாரிகளுக்குக்கூட இடம் விட்ட வரைபடம் அது! நம் நாட்டுச் சாலைப் பொறியியலில் அபூர்வமான கருணை.

கணக்கு எளியது. அறுபது பேர் செல்லும் ஒரு பேருந்து. காருக்கு ஒன்றரைப் பேர் என்றால் அதே அறுபதின்மருக்கு நாற்பது கார்கள். ஆனால் சிராக் தில்லி சந்திப்பில் நீண்டு நின்ற வரிசையில் கண்ணுக்குத் தெரிந்தவை அந்த நாற்பதுதான். காலியாகத் தோன்றும் தடத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு பேருந்து கடந்தாலும், பார்ப்பவனுக்கு அது வீணாகக் கிடக்கும் தார்தான். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் காத்துநின்ற கார்களைக் காட்டின. பேருந்துக்குள் நேரம் மிச்சமானவரைப் படம் பிடிப்பது கடினமல்லவா?

குறைகள் இல்லாமலில்லை. நடுவிலிருந்த நிறுத்தத்தை அடையச் சாலையைக் கடக்க வேண்டும். அதில் உயிர்களும் போயின. தடம் புதிது, அதில் ஓடிய பேருந்துகளோ பழையவை. ஒன்று பழுதாகி நின்றால் பின்னால் வந்தவையெல்லாம் நின்றன. முன்கூட்டியே சீட்டு வாங்கும் நிலையமில்லை. கார்களுக்கு மாற்றுத் தெருவும் இல்லை. தில்லி கேட் வரை நீள வேண்டிய தடம் மூல்சந்திலேயே முடிந்துபோனதால், பேருந்து ஈட்டிய நிமிடங்களை அதற்கப்பால் நெரிசல் திரும்பப் பறித்தது. குரிடிபா ஒரு நகரத்தையே மாற்றியமைத்தது. தில்லி ஒரு சாலையின் துண்டை மட்டும் மாற்றிவிட்டு நகரம் தானே பழகிக்கொள்ளும் என்று நம்பியது.

2012இல் வழக்கு உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் சில நாட்கள் தடத்தை எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிட்டு அளந்தது. தடமில்லாமலிருப்பதே மேல் என்ற பக்கம் அதன் அறிக்கை சாய்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தில் பிழைத்த தடம் அரசியலில் பிழைக்கவில்லை. 2015இல் ஆம் ஆத்மி அரசு அதைக் கலைக்க முடிவெடுத்தது; பேருந்தில் போகும் எளியோரின் வாக்குகளையும் பெற்று வந்த அரசு! அதற்குள் 2009இலேயே அகமதாபாத் 'ஜன்மார்க்'கைத் தொடங்கியிருந்தது: தனக்கென்றே பேருந்துகள், மூடிய நிலையங்கள். தில்லியைப் பார்த்துப் பாடம் கற்றவர்கள் தில்லிக்கு வெளியேதான் இருந்தார்கள்.

2016 ஜனவரியில் இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. தடத்தைப் பிரித்த தடுப்புகளும் நிறுத்தங்களின் மேடைகளும் அகற்றப்பட்டன. அம்பேத்கர் நகரிலிருந்து கிளம்பிய பேருந்துகள் இடப்புற ஓரத்துக்கு, மற்ற வண்டிகளின் நடுவே திரும்பின.