தங்கைக்கு வந்த நோய்

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டின் கதையை 1952இல் நேரு அடிக்கல் நாட்டியதிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்பே கதை தொடங்கிவிட்டது. 1923இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். அக்காவோ சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாற்ற வழியில்லை.

1925இல் மேல்படிப்புக்கு லண்டன் போன முத்துலட்சுமி, புற்றுநோய்க்கென்றே அங்கே தனி ஆஸ்பத்திரி நடப்பதைப் பார்த்தார். சென்னையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1935இல், மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் சொன்னார். இந்திய மாதர் சங்கத்தின் மூலம் பணம் திரட்டி, 1954 ஜூனில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் திறந்தபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு நெருங்கியிருந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

ஆக, தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கு எதிரான வேலையைத் தொடங்கிவைத்ததே ஒரு மலக்குடல் புற்றுதான். ஆனால் பிறகு நடந்த முகாம்களிலும் பிரசாரங்களிலும் அந்த நோயைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்றும்தான் முன்னே நின்றன. இதில் தப்பு சொல்ல முடியாது. நம் நாட்டில் அதிகம் பேரைக் கொன்றவற்றில் அவை முக்கியமானவை. வாயை டார்ச் அடித்தே பார்த்துவிடலாம், மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்படும். 2016இல் மத்திய அரசு முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வகுத்த பரிசோதனைத் திட்டத்திலும் இந்த மூன்றுக்குத்தான் இடம். குடலுக்கு இல்லை.

குடலைப் பற்றிப் பேச நம் ஊர் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை என்பதுதான் வேடிக்கை. சனிக்கிழமை விடிகாலையில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டாத வீடு அந்தக் காலத்தில் குறைவு. மத்தியானம் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடு என்பது சித்த மருத்துவத்தின் பழைய விதி. மலச்சிக்கலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ரத்தம் என்று வந்துவிட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.

சென்னை அசோக் நகர் பக்கம் மதில் சுவர்களைப் பார்த்தால் இதற்குக் காரணம் ஓரளவு விளங்கும். 'மூலம், பௌத்திரம்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டிய போஸ்டர்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்னைச் சுவர்களில் இருக்கின்றன. மோஷன் போகும்போது ரத்தம் வந்தால் அது மூலம், உடம்புச் சூடு, நேற்று தின்ற கோழி. மோர் குடித்தால் சரியாகிவிடும். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும் என்பதும் உண்மை. அந்தப் 'பெரும்பாலும்' என்பதற்குள்தான் மற்றது ஒளிந்துகொள்கிறது.

மலக்குடலையும் சேர்த்த பெருங்குடல் புற்று திடீரென்று வருவதில்லை. உள்சுவரில் பாலிப் என்ற சிறு சதை முளைத்து, அது புற்றாக மாறப் பத்து வருஷம்வரைகூட ஆகலாம். அதற்குள் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் நோயே இல்லை. இந்தக் கணக்கை நம்பித்தான் ஜப்பான் 1992இலும் இங்கிலாந்து 2006இலும் நாடு தழுவிய மலப் பரிசோதனையைத் தொடங்கின. இங்கிலாந்தில் பரிசோதனைப் பெட்டி தபாலில் வீட்டுக்கே வரும். மாதிரியைத் தபாலிலேயே திருப்பி அனுப்பலாம். நம் தபால்காரரிடம் இதைக் கொடுப்பதை நினைத்துப் பார்க்கவே பலருக்குக் கூசும்.

அதே அசோக் நகரில், அசோக் பில்லரைச் சுற்றியுள்ள லேப்களிலும் ஸ்கேன் சென்டர்களிலும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி, வயிற்று ஸ்கேன். வயிற்றை ஸ்கேன் எடுத்தாச்சு, குடலும் அதில் அடக்கம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அல்ட்ராசவுண்டில் சின்னப் பாலிப் தெரியாது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் முந்தின நாள் பேதி மருந்து குடித்துவிட்டுக் கொலோனோஸ்கோபிக்குப் போக வேண்டும்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் நாற்பது வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அவருக்குச் சின்ன வயதிலேயே வந்திருந்தால், அந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பே. ஆனால் தாத்தா எதில் போனார் என்று கேட்டால் 'வயித்துல ஏதோ கட்டி' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகளில், இந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்றே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.