பாதாளச் சாக்கடைக்குத் தரம் கண்ட கதை



கொல்கத்தாவிலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடும். நேற்றுவரை பேருந்து ஓடிய சாலையில் இன்று காலை பெரும் பள்ளம் ஒன்று. சுற்றிலும் கயிறு கட்டியிருக்கும். "மழையினால் வந்தது" என்று சொல்லிக்கொண்டே விலகிச் செல்வோம். ஆயினும், பல சமயங்களில் அப்பள்ளம் பிறந்த இடம், பல ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்கடியில் ஒரு குழாயில் விழுந்த சிறு கீறலே ஆகும். அக்கீறலைக் காணவும், கண்டதை எல்லோரும் ஒரே சொல்லால் எழுதவும் மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தையே கலங்கச் செய்தது. அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டு, ஜோசப் பேசல்கெட் என்னும் பொறியாளரின் திட்டப்படி லண்டன் மாநகருக்குச் செங்கற் சாக்கடைகள் அமைந்தன. அந்நூற்றாண்டிலேயே கொல்கத்தாவிலும் செங்கற் சாக்கடைகள் எழுந்தன. கட்டியவர்கள் உறுதியாகவே கட்டினார்கள். ஆனால் மண் மூடியதும் அவை கண்ணுக்கு மறைந்தன. காலப்போக்கில் நினைவுக்கும் மறைந்தன.

பெரிய சாக்கடைகளுக்குள் ஆட்கள் விளக்கேந்தி நடந்து சோதித்தார்கள். ஆள் நுழைய இயலாத சிறு குழாய்களில், ஒரு மேன்ஹோலில் விளக்கையும் அடுத்ததில் கண்ணாடியையும் வைத்து, இடையில் இருப்பதை ஊகித்தார்கள். 1950-களிலும் 1960-களிலும் தொலைக்காட்சிக் காமிராவைக் குழாய்க்குள் செலுத்தும் வழி ஏற்பட்டது. கண் கிடைத்துவிட்டது. ஆனால் மொழி கிடைக்கவில்லை. ஒரே குழாயை ஒருவர் "மோசம்" என்று எழுதினால், மற்றொருவர் "பரவாயில்லை" என்று எழுதக்கூடும். கையிலிருக்கும் பணமோ சில தெருக்களுக்கே போதுமானது. எதை முதலில் தோண்டுவது?

இக்குறையைத் தீர்க்கவே பிரிட்டனின் நீர் ஆராய்ச்சி மையம் 1980-இல் சாக்கடை நிலை வகைப்பாட்டுக் கையேடு ஒன்றை வெளியிட்டது. காமிரா எத்தனை மீட்டர் சென்றது, குறை எவ்விடத்தில் உள்ளது என்பனவற்றைக் குறிக்க அது விதி வகுத்தது. குழாயின் வட்டத்தைக் கடிகார முகமாகக் கொள்ள வேண்டும். உச்சி பன்னிரண்டு மணி, அடி ஆறு மணி.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் மிகவும் வியப்பளித்தது சொற்களின் கண்டிப்பேயாகும். பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் 'விரிசல்' என்றே சொல்லிவிடுகிறோம். அம்முறையிலோ, கோடு மட்டும் தெரிந்தால் விரிசல். கோடு வாய் திறந்து, துண்டுகள் இடம் பெயராதிருந்தால் பிளவு. துண்டுகள் இடம் பெயர்ந்தால் உடைவு. குழாய் உருக்குலைந்து விழுந்தால் சரிவு. ஒரு சொல் மாறினால் மதிப்பெண்ணும் மாறிவிடும். நிலைபெற்ற பிரிட்டிஷ் முறையில் சாதாரண விரிசலுக்கு 10, பிளவுக்கு 40, உடைவுக்கு 80, சரிவுக்கு 165. ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் காணும் குறைகளைக் கூட்டி, அவற்றுள் மிகப் பெரிய தொகையைக் கொண்டு குழாய்க்கு 1 முதல் 5 வரை தரம் இடுகிறார்கள். 10-க்குக் கீழ் இருந்தால் முதல் தரம். 165-ஐ எட்டினால் ஐந்தாம் தரம், அதாவது சரிந்துவிட்டது அல்லது சரியும் தறுவாயில் உள்ளது என்பது பொருள்.

சராசரியைக் கொள்ளாமல் மிக மோசமான மீட்டரைக் கொள்வதேன் என்று நேயர்கள் கேட்கலாம். சாக்கடை சராசரியில் உடைவதில்லை. ஓர் ஓட்டை வழியே நீர் போவதும் வருவதுமாக இருக்கையில், சுற்றியுள்ள மண் சிறிது சிறிதாகக் கரைந்து உள்ளே போய்விடுகிறது. வெளியே வெற்றிடம் உண்டாகிறது. பக்கத்தாங்கலை இழந்த குழாய், ஒரு கனமழையிலோ பாரவண்டியின் அழுத்தத்திலோ விழுந்துவிடுகிறது. ஆகவே வயதை மட்டும் கொண்டு குழாயை மதிப்பிடலாகாது. நூறாண்டு கண்ட செங்கற் சாக்கடை முதல் தரத்தில் நிற்பதும், நேற்றுப் பதித்த குழாய் தவறான பதிப்பால் நான்காம் தரத்துக்கு இறங்குவதும் உண்டு.

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவும் இவ்வழியைத் தழுவியது. அங்கே குறிப்பெழுதுவோர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் அடைய வேண்டும். மூன்றாண்டுக்கொருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பார்க்கும் கண் பழகியதாயினும், எழுதும் சொல் தடம் புரளாமல் காக்கவே இவ்வேற்பாடு.

நம் நாட்டில் இதற்கு வேறொரு பொருளும் உண்டு. இங்கே குழாயின் நிலையறியவும் அடைப்பை நீக்கவும் மனிதனையே உள்ளே இறக்கிய வழக்கம் நெடுங்காலம் நிலவியது. நச்சு வாயுவால் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தக்க பாதுகாப்பின்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவதைத் தடை செய்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது; 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. அதன் பின்னரும் இத்தகைய மரணச் செய்திகள் வராமல் இல்லை.

காமிரா அடைப்பை நீக்காது. உடைந்த குழாயை ஒட்டாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு மனிதனை இறக்க வேண்டிய கட்டாயத்தை அது போக்குகிறது. ஐந்தாம் தரம் என்று எழுதிய அறிக்கை, அலுவலகத்தில் ஒரு கோப்புக்குள் உறங்கிவிட்டால் அந்தப் பயனும் பாழாகும். நாம் குடியேறி வாழும் நகரங்களில், அடுத்த முறை தெருவில் பள்ளம் தோன்றும்போது, "இக்குழாய்க்கு என்ன தரம் இட்டிருந்தீர்கள்? எந்த ஆண்டில்?" என்று நகராட்சியைக் கேட்போமாக. வரி செலுத்தும் நமக்கு அக்கேள்விக்கு முழு உரிமை உண்டு.