ஒரே சாலை, ஒரே ஆண்டு

1997இல் தமிழ்நாடு அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்தது. டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து தரமணியில் கட்டிய டைடல் பூங்கா 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், அதே பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணகி நகர் குடியேற்றமும் தொடங்கியது. தொழில் வரலாறு முதலாவதை மட்டுமே சொல்கிறது. நாம் இரண்டையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

கம்பெனிகளுக்கு நிலமும் மின்சாரமும் முன்கூட்டியே தரப்பட்டன. ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட நம் மக்களுக்கு வீடு மட்டும் தரப்பட்டது. பிழைப்பு மயிலாப்பூரிலும் அடையாறிலும் நின்றுவிட்டது. வீட்டுவேலைக்குப் போகும் பெண் பதினைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் திரும்பி வர வேண்டும். பஸ் தாமதமானால் கூலி போகும்.

இதைத் தடுக்கச் சட்டம் இருந்தது. 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகளில் குடியிருப்போரை முன் அனுமதியின்றி வெளியேற்ற முடியாது. ஆனால் 1985க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் ஒரு பகுதியும் அப்படி அறிவிக்கப்படவில்லை. சட்டம் காகிதத்தில் கிடந்தது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அங்கிருந்தோருக்கு மாற்றிடமாகக் காட்டப்பட்டது கண்ணகி நகரையும் தாண்டியிருக்கும் பெரும்பாக்கம்.

வளர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தொழிலுக்கு நிலம் ஒதுக்கும் அரசு, உழைப்பவர்கள் வேலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கவும் நிலம் ஒதுக்கட்டும்.