ஒலித்திருகு யார் கையில்?

வீட்டுத் திரையரங்கு ப்ராசஸரின் முகப்பில் ஒலியளவு -25 என எதிர்க்குறியோடு தோன்றுவதைக் கண்டு முதலில் குழம்பாதவர் குறைவு. அவ்வெண் அறையில் எழும் ஒலியின் அளவன்று; ஓர் உச்சநிலையிலிருந்து நாம் எவ்வளவு கீழிறங்கியிருக்கிறோம் என்பதன் அளவு. முறையாகச் சீரமைத்த கருவியில் பூஜ்யம் என்பது, படத்தின் ஒலிக்கலவையை முடிவுசெய்த அரங்கின் நிலை. அங்கே ஒவ்வொரு முன்புற ஒலிபெருக்கியும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபெல் தருமாறு அமைக்கப்படுகிறது. ரிமோட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தீர்ப்பை நாம் திருத்துகிறோம். திருத்தும் உரிமை யாருக்கு என்ற வழக்கு மிகப் பழையது.

1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் இசைக்குழு வாசித்ததை மூன்று தனித்தனித் தடங்களின் வழியே வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹாலுக்கு அனுப்பினர் பெல் ஆய்வகத்தார். குழுவின் நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி குழுவோடு இல்லை. பிலடெல்பியாவில் அலெக்சாண்டர் ஸ்மாலன்ஸ் இசையை நடத்த, இவரோ வாஷிங்டனில் இருந்தபடி ஒலியளவுத் திருகுகளை இயக்கினார்! கோலை விட்டுத் திருகைப் பற்றிய அந்தச் செயலை ஒலிவரலாற்றின் பெருந்திருப்பமாகவே நான் கருதுகிறேன். திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் நம் ஊடக ஆய்வுகள் இதைப் போதிய அளவு கவனித்ததில்லை.

அதே ஸ்டோகோவ்ஸ்கி இசையளித்த டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' 1940 நவம்பரில் நியூயார்க்கில் வெளியானபோது, திருகும் படச்சுருளுக்குள் புகுந்தது. 'ஃபேன்டசவுண்ட்' முறையில் மூன்று ஒலித்தடங்களோடு நான்காவதாக ஒரு கட்டுப்பாட்டுத் தடம் ஓடியது. எந்த ஒலிபெருக்கி எப்போது உயர வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை அதுவே ஆணையிட்டது. கருவிகளின் செலவு தாங்காமல் அம்முறை விரைவில் கைவிடப்பட்டது.

சூழொலி வீட்டுக்கு வந்தது 1982-இல், டால்பி சரவுண்டாக. 1987-இல் ப்ரோ லாஜிக் தொடர்ந்தது. இரு தடங்களுக்குள் மடித்து வைத்த ஒலியைப் பிரிக்கையில் முன்புற உரையாடல் பின்புறமும் கசியும். ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து சற்றே முன்பின்னாக வந்தால், முந்தி வந்த திசையையே செவி நம்பும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தம் ஆய்வேட்டில் விளக்கிய பண்பு இது. ஆகவேதான் பின்புற ஒலியைச் சுமார் 15 முதல் 30 மில்லிவினாடி தாமதப்படுத்தும் அமைப்பு அக்கருவிகளில் இடம்பெற்றது.

ஒலியைக் குறைப்பது வெறும் குறைப்பன்று என்பதையும் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அதே 1933-இல் அளந்து காட்டியிருந்தனர்: அளவு தாழத் தாழ, செவி தாழ்சுரத்தையே முதலில் இழக்கிறது. இன்றைய சில ப்ராசஸர்கள் ஒலியைத் தணிக்கும்போது தாழ்சுரத்தையும் பின்புற ஒலியையும் தாமாகச் சற்று உயர்த்துவது இவ்விழப்பை ஈடுசெய்யவே.

1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு அரங்கேறிய டால்பி டிஜிட்டல் பின்னர் வீடுகளுக்கும் வந்தது. வெடியோசையை அடக்கிப் பேச்சொலியை நிலைநிறுத்தும் குறிப்புகளையும் அது ஒலியோடு சேர்த்தே சுமந்து வருகிறது. ஃபேன்டேசியாவின் நான்காம் தடத்துக்கு இது மறுபிறவி. ஆனால் அக்குறிப்புகளை முழுமையாக ஏற்பதா, புறக்கணிப்பதா என்பதை இம்முறை 'இரவு நிலை' பொத்தானை வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார். சுவருக்கு அப்பால் உறங்கும் அண்டை வீட்டாரும் ஓரளவு தீர்மானிக்கின்றனர்.