கீழாநெல்லி எது?

மேல்மலையனூர், செஞ்சி வட்டாரத்தில் மழை விட்ட சில நாட்களில் வரப்போரங்களிலும் கொல்லை மூலைகளிலும் கீழாநெல்லி தானாகத் தலைகாட்டும். இலைகளுக்குக் கீழே கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் வந்த பெயர் அது. காமாலைக்கு அரைத்துக் கொடுக்கும் பச்சிலை என்று ஊருக்கெல்லாம் தெரியும். பச்சையாகப் பறிப்பவர் ஈர்க்கைத் திருப்பிப் பார்த்தே மேலாநெல்லியிலிருந்து அதைப் பிரித்துவிடுவார். காய்ந்து, உதிர்ந்து, கோணிப்பையில் நசுங்கி நாட்டு மருந்துக் கடைக்கு வந்துவிட்டால் கீழும் இல்லை, மேலும் இல்லை; பழுப்பு நிறக் கூளம்தான். அசலா, கலப்பா என்ற வழக்கு அந்தக் கோணிப்பையில்தான் தொடங்குகிறது.

வைத்தியரே காட்டுக்குப் போய்ப் பறித்த காலத்தில் கண்ணும் மூக்கும் நாக்கும் போதுமானவையாக இருந்தன. சரக்கு கைமாறத் தொடங்கியதும் பெயர்க் குழப்பம் பெருகியது. ஒரே பெயரில் பல செடிகள், ஒரே செடிக்குப் பல பெயர்கள். சென்னையில் திருவல்லிக்கேணி மருந்தகத்தின் மருத்துவர் மொய்தீன் ஷெரீப் இதைத் தீர்க்க முனைந்தவர்களில் முதன்மையானவர். 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலுக்கு மறு ஆண்டே துணைநூல் எழுதி, மூலிகைகளின் பெயர்களை இந்திய மொழிகள் பலவற்றில் திரட்டித் தந்தார். பெயரை மட்டும் சரிசெய்தால் போதாது என்பது நீலகிரியில் தெரிந்தது. சிங்கோனா மரங்களின் பட்டையில் குயினைன் எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாததால், 1866இல் ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை அரசு அங்கே அமர்த்தியது.

கீழாநெல்லியின் கதை இதைவிடச் சிக்கலானது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழு, மஞ்சள்காமாலை பி வகைக் கிருமியைச் சுமப்பவர்களுக்கு இந்தச் செடியைக் கொடுத்துப் பார்த்தது. 59 விழுக்காட்டினரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக ‘லான்செட்’ இதழில் எழுதியது. வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லோரும் கொடுத்தது ஒரே செடிதானா, ஒரே சத்துள்ள செடிதானா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

சத்தைப் பார்க்க வேதியியல் முறை உண்டு. சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் சாற்றை ஒரு கோடாக இட்டு, கரைப்பானில் நிறுத்துவார்கள். கரைப்பான் மேலே ஏற ஏற, ஒவ்வொரு சத்தும் தனக்கென ஓர் உயரத்தில் தங்கிப் பட்டையாகத் தெரியும். கீழாநெல்லிக்கு அடையாளம் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் ஆகிய சத்துகள். செடி எந்த இனம் என்பதற்கு மரபணு முறை. கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்த பட்டைக்குறி (பார்கோடு) கருத்தின்படி, டி.என்.ஏ.வின் ஒரு சிறு துண்டைப் படித்து, பெயர் தெரிந்த செடிகளின் தொகுப்போடு ஒப்பிடுகிறார்கள்.

தென்னிந்தியக் கடைகள் 25இன் கீழாநெல்லி எந்த இனம் என்று சோதித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. 76 விழுக்காடு அசல். மீதியில் வேறு ஐந்து நெல்லி இனங்கள், மேலாநெல்லி உட்பட. இதைத் தேர்ச்சி என்றே சொல்லலாம். காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தார் நிலத்துத்தி என்ற வேறொரு மூலிகையைப் பற்றி 2015இல் வெளியிட்ட மரபணு ஆய்வில், கடைச்சரக்கு ஒன்றுகூட அசல் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரிவாள்மனைப்பூண்டு. அதில் நாடித்துடிப்பைக் கூட்டும் எபிட்ரின் நிலத்துத்தியைவிடப் பல மடங்கு அதிகம். எல்லாமே ஏமாற்று என்று சொல்வதற்கில்லை; ஊருக்கு ஊர் மாறும் பெயர்களுக்கும் இதில் பங்குண்டு.

இரண்டு முறைக்கும் எல்லை உண்டு. கொதித்த கஷாயத்தில் டி.என்.ஏ. சிதைந்துவிடும், சத்தின் அளவோ மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். அதனால் ஆய்வகங்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கின்றன.

தாவரவியலாரும் இதில் தவறியவர்களே. கீழாநெல்லியை அவர்கள் நெடுங்காலம் ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்றே எழுதிவந்தார்கள். நிரூரி அமெரிக்கச் செடி, நம் ஊரில் வளர்வது ‘அமாரஸ்’ என்று 1957இல் தாவரவியலாளர் வெப்ஸ்டர் பிரித்துக் காட்டினார். பல மருந்துப் புட்டிகளின் சீட்டில் இன்றும் நிரூரி என்றே அச்சாகிறது.