அச்சு நாடுகள்: ஒரு பெயரின் வழித்தடம்

திருவிதாங்கூரின் செங்கோட்டையில் சுமையேற்றி, புளியரை ஏற்றம் கடந்து ஆரியங்காவுக்குப் போன மாட்டுவண்டிகளில், இரு சக்கரங்களையும் கோத்துப் பாரம் தாங்கும் தண்டுக்கு ‘இருசு’ என்று பெயர். சக்கரம் கழன்றோடாமல் காப்பது கடையாணி. ஏட்டுத்தமிழ் இவற்றை அச்சு, அச்சாணி என்னும். வெல்லம் வார்க்கும் அச்சு வேறு. அது திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுச்சொல். வண்டியச்சோ வடமொழி ‘அக்ஷ’த்தின் வழிவந்தது என்பர் அகராதியார்.

1936 நவம்பர் 1 அன்று மிலான் நகரில் பேசிய இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினி, உரோமையும் பெர்லினையும் இணைக்கும் கோட்டை, அமைதி நாடும் ஐரோப்பிய நாடுகள் சுற்றிவரத்தக்க ‘அஸ்ஸே’, அதாவது அச்சு, என்றார். லத்தீன் ‘ஆக்ஸிஸ்’ அதன் தாய். ‘அக்ஷ’ அந்தத் தாயின் உடன்பிறப்பு. அங்கே ‘க்ஸ்’ கரைந்து ‘ஸ்ஸ்’ ஆனது, இங்கே ‘க்ஷ்’ பிராகிருதத்தில் நெகிழ்ந்து தமிழில் ‘ச்ச்’ ஆனது. ‘அச்சு நாடுகள்’ என்று நம் இதழாளர் பெயர்த்தபோது, பிரிந்த உறவினர் இருவரைத் தாம் அறியாமலே ஒன்றுகூட்டிவிட்டார்கள். சொற்சுவை அறிந்த உங்களுக்கு இதைவிட இனிய விருந்து ஏது!

பொருளுக்கு வருவோம். 1934இல் ஆஸ்திரியத் தலைமையமைச்சர் டோல்ஃபுஸ் நாஜிகளால் கொல்லப்பட்டபோது, ஆஸ்திரிய எல்லையிலுள்ள பிரென்னர் கணவாய்க்குப் படையனுப்பி ஹிட்லருக்கு அணைபோட்டவர் இதே முசோலினி. 1935 ஏப்ரலில் ஸ்திரேசாவில் பிரிட்டனோடும் பிரான்சோடும் கைகோத்தவர், அக்டோபரில் எத்தியோப்பியாவுக்குள் புகுந்தார். சர்வதேச சங்கம் வணிகத்தடை விதித்தது. எண்ணெயை விட்டுவைத்தது. ஆக்கிரமிப்பும் நிற்கவில்லை, இத்தாலியின் நட்பும் நிலைக்கவில்லை. மிலான் பேச்சு ஊரறியச் சொன்ன பெயர்சூட்டு. அச்சு உருவானது சங்கத்தின் அந்த அரைமனத்தில்தான் என்பேன். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். பிரென்னரில் இத்தாலியப் படை அசையவில்லை.

வள்ளுவர் வண்டியச்சு முறிவதைப் பாடிய இடம் வலியறிதல் அதிகாரம். தன்வலி, மாற்றான்வலியோடு துணைவலியையும் தூக்கிப் பார்க்கச் சொல்லும் அதிகாரம் அது. முசோலினி தூக்கிப் பார்க்கவில்லை. 1939 மே மாதம் அவர் அரசு ஜெர்மனியோடு எஃகு உடன்படிக்கையில் ஒப்பமிட்டது; ஆகஸ்டில் ஸ்டாலினோடு ஹிட்லர் உடன்பாடு கண்டார்; 1940 செப்டம்பரில் ஜப்பானும் முத்தரப்பு ஒப்பந்தத்தால் சேர்ந்துகொள்ள, இரு முனையுள்ள அச்சுக்கு மூன்றாவது முனை முளைத்தது. உவமை அங்கேயே முறிந்தது, பெயர் முறியவில்லை.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. அக்டோபர் 13 அன்று ஜெர்மனிமீதே போர் அறிவித்தது.