தொட்டிக்குள் ஒரு பைன் மரம்

காட்டிலே நிற்கும் மரம் மனிதனை எதிர்பார்ப்பதில்லை. மழை அதற்கு நீரூட்டுகிறது. மண் அதற்கு உணவூட்டுகிறது. ஆனால், இடுப்பளவு உயரமே உள்ள ஒரு மரம், ஒரு சாண் ஆழமுள்ள தொட்டியிலே நானூறு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது என்றால், அதன் ஆயுளுக்குக் காரணம் வேறாகத்தான் இருக்க வேண்டும். அத்தனை ஆண்டுகளும் யாரோ ஒருவர் அதற்கு நீர் வார்த்திருக்கிறார். அவர் மறைந்தபின் இன்னொருவர் அப்பணியை ஏற்றிருக்கிறார். ஏதேனும் ஒரு கோடையில் சில நாட்கள் அந்தத் தொடர்பு அறுந்திருந்தாலும் மரம் பட்டுப்போயிருக்கும். ஜப்பானியர் 'போன்சாய்' என்று வழங்கும் கலையின் வரலாறு, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துச் சென்ற கடமையின் வரலாறு. அதிலே பைன் மரத்துக்குரிய சில ஏடுகளை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குப் புதிய சொல் ஒன்றைக் கண்டால் அதன் பிறப்பை ஆராயத் தோன்றும். 'போன்' என்பது ஆழமில்லாத தட்டு அல்லது தொட்டி; 'சாய்' என்பது நடுதல். ஆகவே 'போன்சாய்' என்றால் தொட்டியில் நடப்பட்டது என்றே பொருள். குள்ளம் என்ற கருத்து அச்சொல்லில் இல்லை. போன்சாய் மரம் பிறவியிலேயே குள்ளமானதும் அன்று. காட்டில் நூறடி உயரக்கூடிய மரத்தின் விதையே இங்கும் முளைக்கிறது. வேரையும் தளிரையும் காலம் பார்த்துக் கத்தரித்து, வளர்ச்சியை வேண்டிய அளவில் நிறுத்துகிறார்கள், அவ்வளவே.

இக்கலையின் தாயகம் சீனம். தாங் மரபைச் சேர்ந்த இளவரசர் லீ ஷியனின் கல்லறை கி.பி. 706-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அதன் சுவரோவியத்திலே, சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்திச் செல்லும் பணியாளர் உருவம் காணப்படுகிறது. சீனத்துக்குச் சென்று திரும்பிய தூதர்களும் பௌத்தத் துறவிகளும் இக்கலையை ஜப்பானுக்குக் கொண்டு சேர்த்தனர். 1309-ஆம் ஆண்டில் தீட்டப்பட்ட 'கசுகா கோங்கென்' என்னும் ஓவியச் சுருளில் தொட்டி மரங்களை நாம் காணலாம்.

ஜப்பானியரின் பழைய நோ நாடகங்களுள் 'ஹாச்சி நோ கி' என்பது ஒன்று. 'தொட்டி மரங்கள்' என்று அதைத் தமிழாக்கலாம். பனி கொட்டும் இரவிலே ஒரு வழிப்போக்கர் வறிய வீரன் ஒருவனின் குடிலுக்கு வருகிறார். விருந்தினருக்குக் குளிர் காயக்கூட விறகில்லை. வீரனிடம் எஞ்சியிருக்கும் செல்வம், வாழ்ந்த காலத்தில் வளர்த்த மூன்று தொட்டி மரங்களே: ஒரு பிளம், ஒரு செர்ரி, ஒரு பைன். மூன்றையும் வெட்டி அடுப்பிலிட்டு விருந்தினரைக் காக்கிறான். வந்தவர் நாட்டை ஆண்ட ஹோஜோ தோக்கியோரி என்பது பின்னர் தெரிகிறது. பிளம், செர்ரி, பைன் ஆகிய மூன்றின் பெயர்களையும் தாங்கிய மூன்று ஊர்களை அவர் அவனுக்குப் பரிசாக வழங்குகிறார். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைக் கொண்டாடும் நமக்கு, விருந்துக்கு மரம் ஈந்த இவனைப் புரிந்துகொள்வது கடினமன்று. தொட்டி மரம் என்பது பல்லாண்டு உழைப்பின் சேமிப்பு என்பதை அவையோர் அறிந்திருந்ததனாலன்றோ அந்தத் தியாகம் நாடகமாயிற்று!

1623 முதல் 1651 வரை ஆண்ட ஷோகன் தொகுகவா இயேமித்சு இம்மரங்களில் பெரும் பற்றுடையவர். அவர் பேணியதாகச் சொல்லப்படும் ஐந்தூசிப் பைன் ஒன்று தோக்கியோவின் அரண்மனைத் தொகுப்பில் காக்கப்பட்டு வருகிறது. ஷோகன் ஆட்சி 1868-இல் முடிந்தது, மரம் நின்றது.

இருபதாம் நூற்றாண்டு இக்கலைக்கு இரண்டு பெருஞ்சோதனைகளை வைத்தது. முதலாவது, 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று நிகழ்ந்த பூகம்பம். தோக்கியோவும் யோக்கஹாமாவும் இடிந்தும் எரிந்தும் அழிந்தன. இலட்சம் பேருக்கு மேல் மாண்டனர். நகரில் தொட்டி மரம் வளர்த்துப் பிழைத்துவந்த தோட்டக்காரர்கள், எஞ்சிய மரங்களுடன் வடக்கே ஓமியாவை நோக்கிப் புறப்பட்டனர். நல்ல நீர், தூய காற்று, நீர் தேங்காத எரிமலைச் செம்மண் ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. 1925-இல் 'போன்சாய் கிராமம்' தோன்றியது. 1928-இல் அங்குக் குடியேறுவோர்க்குச் சில விதிகள் வகுக்கப்பட்டன. குறைந்தது பத்து மரங்களேனும் வளர்க்க வேண்டும். தோட்டத்தை எவரும் வந்து காணும்படி திறந்து வைக்க வேண்டும். மாடி வீடு கட்டலாகாது. மதிலுக்கு மாறாகச் செடிகளாலேயே வேலி அமைக்க வேண்டும். பைன் மரத்துக்கு வெயிலும் காற்றோட்டமும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை உணர்ந்தவர்க்கு இவ்விதிகள் வியப்பளிக்கமாட்டா.

இரண்டாவது சோதனை உலகப்போர். உணவுப் பஞ்சம் மிகுந்த நாளில் தொட்டி மரம் ஆடம்பரமாகக் கருதப்பட்டது. இளைஞர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். தோட்டங்கள் பல மூடப்பட்டன. ஆயினும் சிலர் மரங்களைக் கைவிடவில்லை. அதே ஓமியாவில்தான் 1989-இல் முதல் உலகப் போன்சாய் மாநாடு கூடிற்று.

ஹிரோஷிமாவில் யமாக்கி குடும்பத்தாரின் தோட்டத்திலே, 1625-ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு வந்த வெண்பைன் ஒன்று இருந்தது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை அந்நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, தோட்டம் குண்டு வெடித்த இடத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கித் தெறித்தன. குடும்பத்தார் உயிர் தப்பினர். தோட்டத்தின் உயர்ந்த மதில் மரத்தைக் காத்தது. 1976-இல் அமெரிக்கா தன் விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, ஜப்பானியர் 53 தொட்டி மரங்களைப் பரிசாக அனுப்பினர். அவற்றுள் ஒன்றாக இந்தப் பைனை மசாரு யமாக்கி அளித்தார். குண்டு வீசிய நாட்டின் தலைநகரான வாஷிங்டனுக்கு அது போய்ச் சேர்ந்தது. 2001-இல் யமாக்கியின் பேரன்மார் அதைக் காண வந்தபோதுதான், அது ஹிரோஷிமாவைக் கண்ட மரம் என்பது அங்குள்ளோர்க்குத் தெரிந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக, அதன் கதையை அறியாமலே அவர்கள் அதற்கு நாள் தவறாமல் நீர் வார்த்து வந்திருக்கிறார்கள்!

அக்கடமையின் முறை என்ன? பைன் மரம் முழு வெயிலை விரும்புவது. தேங்கிய நீரை வெறுப்பது. மேல்மண் காயத் தொடங்கியதும் நன்றாக நனையும்படி நீர் விட்டு, அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். வசந்தத்தில் புதுத் தளிர்கள் மெழுகுவத்திபோல நிமிர்ந்து எழும். இரண்டூசிகள் கொண்ட கரும்பைனுக்குக் கோடைத் தொடக்கத்தில் அத்தளிரை அடியோடு வெட்டினால், மறுபடி எழும் தளிரில் ஊசிகள் குட்டையாக அமையும். ஐந்தூசி வெண்பைனுக்கு இம்முறை ஆகாது. வசந்தத்திலேயே தளிரின் நுனியைக் கிள்ளுவதோடு நிறுத்த வேண்டும். இலையுதிர் காலத்தில் பழைய ஊசிகளைக் களைந்து, உட்கிளைகளுக்கு வெளிச்சம் காட்டுவர். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, தளிர்க்கும் முன்னர், வேரில் ஒரு பகுதியைக் கத்தரித்துப் புதுமண் இடுவர். வேரைப் பற்றியிருக்கும் வெண்ணிறப் பூஞ்சை நூல்கள் மரத்துக்கு உணவு தேடித் தருபவை; ஆதலால் பழைய மண் முழுவதையும் கழுவிவிடக் கூடாது. ஊசியற்ற முதிர்ந்த கிளையில் பைன் எளிதில் தளிர்ப்பதில்லை. ஓராண்டுக் கவனக் குறைவு மரத்தின் உருவத்திலே நெடுங்காலம் எழுதப்பட்டிருக்கும்.

தமிழகத்துக்கு அப்பால், வடநாட்டு நகரங்களில் வாழும் நேயர்களுக்கு இதைக் கொல்லைப்புறத்தில் முயன்று பார்க்க வாய்ப்புண்டு. கடுங்குளிரை நாடும் வெண்பைன் சமவெளி வெப்பத்தைத் தாங்குவது அரிது. ஆனால் இமயத்தின் தாழ்ந்த சரிவுகளில் காடாக வளரும் சிர் பைன் நம் நாட்டு மரம், மூன்றூசிகள் கொண்டது. காட்டிலிருந்து பிடுங்காமல் நாற்றுப்பண்ணையில் கன்று வாங்குவதே முறை. அடியில் துளையுள்ள தொட்டி, பருமணல், செங்கல் துண்டுகள், சிறிதளவு இலைமக்கு, வெயில் படும் இடத்தில் இடுப்புயர மேடை: தொடங்குவதற்கு இவை போதும். முதலாண்டில் கத்தரிக்கோலை எடுக்காமல், கன்று வேரூன்ற விடுவது நலம்.

இன்று நடும் கன்று முழு அழகு பெறும் நாளில் நட்டவர் இருப்பார் என்று சொல்வதற்கில்லை. 1625-இல் அந்த வெண்பைனைத் தொட்டியில் பேணத் தொடங்கியவர் ஹிரோஷிமாவின் பேரழிவையோ வாஷிங்டனையோ கனவிலும் கண்டிருக்க முடியாது. அவர் அறிந்தது, அன்றைய நீரை அன்றே வார்க்க வேண்டும் என்பதுதான். அடுத்த கைக்கு மரத்தைக் கொடுப்பதோடு, நீர் வார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள சிறுவர் கையில் பூவாளியைத் தருவதுதான் அதற்கு முதற்படி.